ஸ்வாட் போட்டாச்சு, ஆனா ஒண்ணும் நகரல: அறிகுறியை பார்த்து சரி பண்றது எப்படி

ஸ்வாட்னா (SWOT) நாலு கட்டம் போட்டு ஒரு கம்பெனியோட பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்னு எழுதுறது, எல்லாருக்கும் தெரியும், ஒரு மதியம் உக்காந்தா முடிஞ்சிடும். எழுதி முடிச்சப்புறம் அந்த பேப்பரை வச்சு யாருமே எந்த முடிவும் எடுக்க மாட்டேங்குறாங்க, அங்கதான் சிக்கல். இது புது புகாரும் கிடையாது. 1997-லயே ஹில், வெஸ்ட்புரூக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 20-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் கம்பெனிகள்ல ஸ்வாட் நிஜத்துல எப்படி நடக்குதுன்னு பார்த்து எழுதினாங்க. சராசரியா 40-க்கும் மேல பாயிண்ட், எல்லாம் பொத்தாம்பொதுவா, எது முக்கியம்னு வரிசைப்படுத்தல, எழுதினது உண்மைதானான்னு யாரும் சரிபார்க்கல, இதெல்லாம் போக எழுதின பட்டியல் பின்னாடி அரிதாத்தான் பயன்பட்டுச்சு. அன்னைக்கு பேப்பர், இன்னைக்கு ஷேர்டு டாக்குமெண்ட், அவ்ளோதான் வித்தியாசம்.

கீழ இருக்கறதை வரிசையா படிக்கணும்னு அவசியம் இல்ல, உங்க ஸ்வாட் எப்படி சொதப்புதோ அந்த அறிகுறிக்கு நேரா போயிடுங்க. முதல் செக் மட்டும் எல்லாரும் பண்ணிடுங்க. உதாரணத்துக்கு கற்பனையா ஒரே ஒரு கம்பெனியை வச்சுக்குவோம்: சின்ன கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேரை மாச சந்தாவுக்கு விக்கிற பன்னெண்டு பேர் கம்பெனி.

முதல் செக்: பேப்பர் தலையில கேள்வி இருக்கா?

"நம்ம கம்பெனியோட ஸ்வாட்"னு மட்டும் தலைப்பு இருந்தா அங்கேயே நிறுத்திடுங்க. எதுக்காக ஸ்வாட்? என்ன முடிவு எடுக்கணும்? எவ்ளோ காலத்துக்குள்ள? இது இல்லாம எது பலம் எது பலவீனம்னே சொல்ல முடியாது, ஏன்னா பலம்ங்கறது ஒரு வேலைக்கு பலம், சும்மா பலம்னு ஒண்ணு கிடையாது. பன்னெண்டு பேர் டீம் சின்ன கிளினிக்குக்கு விக்கிறப்ப பலம், போன் பண்ணா சாஃப்ட்வேர் எழுதினவரே எடுப்பாரு. அதே பன்னெண்டு பேர் ராத்திரி பகல் சப்போர்ட் கேக்கற ஆஸ்பத்திரிகிட்ட போனா பலவீனம்.

நம்ம கம்பெனியோட கேள்வி இது: "அடுத்த 12 மாசத்துல பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு விக்க ஆரம்பிக்கலாமா, இல்ல சின்ன கிளினிக்லயே இருக்கலாமா?" காலம் இருக்கு, ரெண்டு பக்கமும் பதில் வர வாய்ப்பு இருக்கு. "நாம எப்படி வளரலாம்?" மாதிரி கேள்வி வேலைக்கு ஆகாது, அதுக்கு எதை எழுதினாலும் சரின்னுதான் தோணும். உங்ககிட்ட நிஜமான கேள்வியே இல்லன்னா இன்னைக்கு ஸ்வாட் போடாதீங்க, யாரும் திட்ட மாட்டாங்க.

அறிகுறி: போட்டிக்காரன் லோகோவை ஒட்டினாலும் பேப்பர் அப்படியே பொருந்துது

இதுதான் ரொம்ப அதிகமா பார்க்கற வியாதி. "அனுபவமுள்ள டீம்", "தரமான சேவை", "வாடிக்கையாளர் நம்பிக்கை", "புதுமை". இதை எந்த கம்பெனி எழுதாது சொல்லுங்க? நம்மகிட்ட தரமில்லன்னு எழுதின கம்பெனி ஒண்ணாவது இருக்கா? எல்லாரும் எழுதக்கூடிய வரி உங்களைப் பத்தி எதுவுமே சொல்லல.

சரி பண்றதுக்கு ஒவ்வொரு பல வரிக்கும் மூணு கேள்வி கேளுங்க. யாரை விட? எவ்ளோ? எப்படி தெரியும்? "சீக்கிரமா செட்டப் பண்ணி தருவோம்"னு இருந்த வரி இப்படி மாறணும்: "புது கிளினிக்கை ஒரே நாள்ல சிஸ்டத்துக்குள்ள கொண்டு வந்துடறோம், நமக்கு நேர் போட்டியா இருக்கற ரெண்டு பேருக்கும் ரெண்டு வாரம் ஆகுது, போன வருஷம் அவங்ககிட்ட இருந்து நம்மகிட்ட மாறி வந்தவங்க சொன்னது". நீளமாத்தான் இருக்கு, இருக்கட்டும், சின்னதா எழுதறேன்னு உயிரை எடுத்துடாதீங்க. மூணாவது கேள்விக்கு பதில் இல்லாத வரியை உடனே அழிக்க வேணாம், பக்கத்துல "ஊகம்"னு எழுதி யாரு சரிபார்க்கணும்னு ஒரு பேர் போடுங்க. ஊகம்னு குறி போட்டதை எண்ணிப் பாருங்க, பேப்பர்ல பாதிக்கு மேல அதுதான்னா ஸ்வாட் மீட்டிங்கை தள்ளி வச்சுட்டு நாலு வாடிக்கையாளருக்கு போன் போடறது நல்ல உபயோகம்.

இன்னும் ஆழமா போகணும்னா நிர்வாகவியல் பேராசிரியர் ஜே பார்னி 1991-ல எழுதின கட்டுரையில இருந்து வளர்ந்த ஒரு சோதனை இருக்கு, விரியோன்னு (VRIO) சொல்வாங்க. அந்த பலம் வாடிக்கையாளருக்கு மதிப்பா இருக்கா, அரிதா இருக்கா, மத்தவங்க காப்பி அடிக்க கஷ்டமா, அதை பயன்படுத்திக்கற மாதிரி நம்ம கம்பெனி அமைஞ்சிருக்கா. ஒரு நாள் செட்டப் எதனால வருது? ஒரு நல்ல இம்போர்ட் டூல் எழுதி வச்சதாலன்னா போட்டிக்காரன் ஆறு மாசத்துல எழுதிடுவான். பல வருஷமா நூத்துக்கணக்கான கிளினிக்கோட விதவிதமான பழைய டேட்டாவை மாத்தி மாத்தி கத்துக்கிட்டதாலன்னா அவ்ளோ சுலபமா வராது. ரெண்டும் பேப்பர்ல ஒரே வரிதான், ஆனா அதை நம்பி எவ்ளோ பணம் போடலாம்ங்கறது வேற வேற.

அறிகுறி: வாய்ப்பு கட்டத்துல நம்ம டூ-டூ லிஸ்ட் உக்காந்திருக்கு

"மொபைல் ஆப் விடணும்", "மார்க்கெட்டிங்கை கூட்டணும்", "புது பிராஞ்ச்". இதெல்லாம் நாம செய்ய நினைக்கிறது, வாய்ப்பு கிடையாது. வாய்ப்பும் அச்சுறுத்தலும் வெளியில இருக்கற விஷயம். இதுக்கு ஒரு சோதனை போதும்: நாளைக்கே நம்ம கம்பெனியை இழுத்து மூடிட்டாலும் இந்த விஷயம் உலகத்துல இருக்குமா? இருக்கும்னா வெளி. இருக்காதுன்னா உள்ள.

"மொபைல் ஆப் விடணும்" நம்மளோட சேர்ந்து போயிடும், அதனால வாய்ப்பு இல்ல. அதுக்குப் பின்னாடி ஏதாவது வெளி விஷயம் இருக்கான்னு நோண்டுங்க, "நோயாளிங்க போன் பண்றதை விட்டுட்டு போன்லயே டேப் பண்ணி புக் பண்ண எதிர்பார்க்கறாங்க"ன்னு வரும், அதுதான் வாய்ப்பு கட்டத்துக்கு போகணும். ஆப் ஒரு பதில், அது கடைசியில வரட்டும். இப்பவே பதிலை எழுதிட்டா வேற பதில் எதையும் யாரும் யோசிக்க மாட்டாங்க, ஆல்ரெடி ஆப் ஆசையில இருக்கறவர் ஜெயிச்சுடுவாரு.

அச்சுறுத்தல் கட்டத்துலயும் இதே கூத்து நடக்கும். "முக்கியமான இன்ஜினியர் வேலையை விட்டுடலாம்"னு எழுதுவாங்க. அது அச்சுறுத்தல் மாதிரி பயமாத்தான் இருக்கு, ஆனா நிஜத்துல பலவீனம்: கோட் முழுக்க ஒருத்தர் தலைக்குள்ள இருக்கு. பலவீனம்னு எழுதினா நாம சரி பண்ணலாம், அச்சுறுத்தல்னு எழுதினா ஏதோ வானிலை மாதிரி பார்த்துட்டு உக்காந்திருப்போம். கட்டம் மாத்தி எழுதறதுல என்ன இருக்குன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில்.

வெளிப்பக்கம் எழுதவே எதுவும் தோணலன்னா பெஸ்டல் (PESTEL) எடுத்துக்கோங்க, அதாவது அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சட்டம்னு ஆறு ஜன்னல் வழியா பார்க்கறது. ஆறுலயும் கட்டாயம் ஏதாவது எழுதணும்னு நினைக்காதீங்க, அப்படி எழுதினா திரும்ப 40 பாயிண்ட் வியாதி வந்துடும்.

அறிகுறி: ஒரே விஷயம் ரெண்டு கட்டத்துல இருக்கு, யாரு சரின்னு சண்டை

பெரும்பாலும் ரெண்டு பேருமே சரி. வரியை இன்னும் பொடிசா உடைக்கலன்னு அர்த்தம். கோடாக்கை எடுத்துக்கோங்க. அந்த கம்பெனி இன்ஜினியர் ஸ்டீவன் சாசன் 1975-லயே டிஜிட்டல் கேமரா ஒண்ணை செஞ்சு காமிச்சாரு, ஆனா கம்பெனி சம்பாத்தியம் எல்லாம் ஃபிலிம்ல இருந்துச்சு, 2012 ஜனவரியில திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்கு போனாங்க. "ஃபிலிம்ல நாமதான் ராஜா"ங்கறது அவங்களுக்கு பலமா பலவீனமா? லாபம் வர்ற வரைக்கும் பலம், டிஜிட்டலுக்கு மாறணும்ங்கற கேள்வியை தலையில எழுதின அடுத்த நிமிஷம் காலை கட்டற கயிறு.

இன்னொரு பக்கம் ஃபூஜிஃபிலிம், அதே ஃபிலிம் தொழில், அதே சரிவு. ஃபிலிம்ல கொலாஜன்ல இருந்து வர்ற ஜெலட்டின் இருக்கு, போட்டோ நிறம் மங்காம இருக்க ஆக்சிஜனேற்றத்தை தடுக்கற கெமிஸ்ட்ரியும் அவங்களுக்கு அத்துப்படி, அந்த அறிவை எடுத்துட்டு தோல் பராமரிப்பு கிரீம் வரைக்கும் போனாங்க. கோடாக் விழுந்ததுக்கும் ஃபூஜி பொழைச்சதுக்கும் காரணம் இது மட்டும்னு சொல்ல வரல, வேற நிறைய இருக்கு. ஆனா ஸ்வாட் போடறவங்களுக்கு இதுல ஒரு உபயோகமான விஷயம் இருக்கு: "ஃபிலிம் மார்க்கெட்ல முதல் இடம்"னு எழுதினா அது ஃபிலிமோட சேர்ந்து செத்துடும், "மெல்லிய அடுக்கு கெமிஸ்ட்ரி தெரியும்"னு எழுதினா அது வேற இடத்துக்கும் நடந்து போகும். அதனால பலத்தை பொருள் பேர்ல மட்டும் எழுதாம, அதுக்கு அடியில இருக்கற திறமை பேர்லயும் ஒரு தடவை எழுதிப் பாருங்க. நம்ம சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அது "அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர்" இல்ல, "தாறுமாறான பழைய டேட்டாவை ஒரே நாள்ல ஒழுங்குபடுத்தறது". இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வேலைக்கு வரும்.

அறிகுறி: பலவீனம் கட்டத்துல ரெண்டே வரி, அதுவும் பூசி மெழுகினது

"சில நேரம் ரொம்ப பெர்ஃபெக்ஷன் பாக்கறோம்". இன்டர்வியூல சொல்ற பதில் மாதிரி. ரூம்ல முதலாளி உக்காந்திருப்பாரு, அவரே முதல்ல பேசியிருப்பாரு, அப்புறம் எல்லாரும் தலையாட்டியிருப்பாங்க. ஆளுங்க நேர்மை இல்லாதவங்கன்னு இல்ல, பேசற வரிசைதான் தப்பு.

பேசறதுக்கு முன்னாடி எழுத வைங்க. பத்து நிமிஷம் அமைதியா தனித்தனியா சீட்டுல எழுதணும், பேர் போடக்கூடாது, அப்புறம் ஒருத்தர் எல்லாத்தையும் வாசிக்கணும், விளக்கம் கேக்கலாம் ஆனா வாதாடக்கூடாது, கடைசியில தனித்தனியா ஓட்டு. டெல்பெக், வான் டி வென்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்களும் கிட்டத்தட்ட இந்த மாதிரி ஒரு முறையை 1971-லயே எழுதி வச்சுட்டாங்க, சீட்டுல பேர் போடாதீங்கன்னு சொல்றது மட்டும் நான் சேர்த்தது. முதலாளி கடைசியா பேசட்டும். அவரால முடியாதுன்னா எழுதற நேரத்துல அவரை வெளிய அனுப்புங்க, கொஞ்சம் சங்கடம்தான், ஆனா வேற வழி இல்ல.

இதுக்கும் வரலன்னா கேள்வியை மாத்துங்க. கேரி க்ளைன்னு ஒரு உளவியலாளர் சொன்ன ப்ரீமார்ட்டம், அதாவது தோத்துட்டதா முன்கூட்டியே வச்சுக்கிட்டு காரணம் தேடறது, நல்லா வேலை செய்யும்: "ஒரு வருஷம் ஆச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்கு போன திட்டம் படுத்துடுச்சு, ஏன் படுத்துச்சுன்னு எழுதுங்க". என்ன பலவீனம்னு கேட்டா வாய் திறக்காத ஆளு, ஏற்கனவே தோத்தாச்சுன்னு வச்சுக்கிட்டு கேட்டா பக்கம் பக்கமா எழுதுவாரு, ஏன்னா இப்ப அது குறை சொல்றது இல்ல, கதையை கண்டுபிடிக்கறது.

மேல இருக்கறவங்களே சிக்கியிருந்தா இன்டெல் கேள்வி இருக்கு. 1985-ல மெமரி சிப் தொழில்ல ஜப்பான் கம்பெனிங்க நெருக்கிட்டு இருந்தப்ப இன்டெல் பிரசிடென்ட் ஆண்டி க்ரோவ் அப்ப சிஇஓவா இருந்த கார்டன் மூர்கிட்ட கேட்டாரு, நம்மளை தூக்கிட்டு போர்டு புதுசா ஒரு தலைவரை கொண்டு வந்தா அவரு என்ன பண்ணுவாருன்னு. மெமரியை விட்டு வெளிய வந்துடுவாருன்னு மூர் பதில் சொன்னாரு, அப்ப நாமளே ஏன் அதை பண்ணக்கூடாதுன்னு க்ரோவ் திரும்ப கேட்டாரு. மெமரியை விட்டுட்டு ப்ராசஸர் பக்கம் முழுசா திரும்பினாங்க. புது ஆள் கண்ணால பாருங்கன்னு பொதுவா சொல்றதை விட "புதுசா வர்றவர் முதல் வாரத்துல எதை நிறுத்துவாரு?"ன்னு கேளுங்க, பதில் டக்குனு வரும்.

அப்புறம் உங்களை விட்டுட்டு போன வாடிக்கையாளர்கள். அவங்க ஒரு அஞ்சு பேர்கிட்ட பேசாம பலவீனம் கட்டத்தை மூடாதீங்க.

அறிகுறி: பட்டியல் முடியவே இல்ல

சின்ன வைத்தியம்தான். ஒவ்வொரு வரியையும் விரலால மறைச்சுட்டு தலையில இருக்கற கேள்விக்கு பதில் மாறுதான்னு பாருங்க, மாறலன்னா தூக்கிடுங்க. கட்டத்துக்கு நாலு, அதிகபட்சம் அஞ்சு. தூக்கினதை வேற ஷீட்ல போட்டு வைங்க, இல்லன்னா எழுதினவங்க மனசு கஷ்டப்பட்டு திரும்ப உள்ள கொண்டு வருவாங்க.

அறிகுறி: மார்க் போட்டு 2.9-ஆ 3.1-ஆன்னு விவாதம்

ஒவ்வொரு வரிக்கும் எடை, ரேட்டிங் கொடுத்து பெருக்கி கூட்டற முறை ஒண்ணு பாடத்துல உண்டு, எடையெல்லாம் கூட்டினா 1 வரணும், ரேட்டிங் 1-ல இருந்து 4 வரை, நடு மதிப்பு 2.5. எது பெருசு எது சின்னதுன்னு பேச வைக்கறதுக்கு பரவால்ல. ஆனா ஊகத்தை ஊகத்தால பெருக்கி வர்ற தசமத்தை உண்மைன்னு நம்பாதீங்க. ரெண்டு பேர் ஒரே வரிக்கு ஒருத்தர் 1 ஒருத்தர் 4 போட்டிருந்தா அங்க நிறுத்தி ஏன்னு கேளுங்க, அந்த உரையாடல்தான் லாபம், சராசரி எடுத்து 2.5-ன்னு எழுதினா அதையும் தொலைச்சுட்டீங்க.

அறிகுறி: நாலு கட்டமும் ரொம்பிடுச்சு, "சரி, அதுக்கு என்ன இப்போ?"

இதுக்குத்தான் நிறைய பேர் வந்திருப்பீங்க. நாலு கட்டம்ங்கறது கச்சாப்பொருள், அங்கேயே நின்னுட்டா பதில் தானா வராது. 1982-ல ஹைன்ஸ் வைரிக்னு ஒருத்தர் இதே நாலை திருப்பிப் போட்டு டௌஸ் (TOWS) மேட்ரிக்ஸ்னு ஒண்ணு கொடுத்தாரு, உள்ள இருக்கறதையும் வெளிய இருக்கறதையும் ஜோடி சேர்க்கறது. பலத்தை வச்சு வாய்ப்பை பிடி, பலவீனத்தை சரி பண்ணி வாய்ப்பை பிடி, பலத்தை வச்சு அச்சுறுத்தலை சமாளி, பலவீனமும் அச்சுறுத்தலும் சேர்ற இடத்துல அடி வாங்காம ஒதுங்கு. கேக்கறதுக்கு சூத்திரம் மாதிரி இருக்கும், நம்ம கம்பெனியில போட்டுப் பார்த்தா புரியும்.

வெட்டி வெட்டி கடைசியில மிஞ்சினது இதுன்னு வைங்க. பலம்: ஒரு நாள் செட்டப். பலவீனம்: பெரிய ஆஸ்பத்திரிங்க கேக்கற ஐஎஸ்ஓ 27001 மாதிரி தகவல் பாதுகாப்பு சான்றிதழ் நம்மகிட்ட இல்ல. வாய்ப்பு: ஆஸ்பத்திரி குழுமங்க சின்ன கிளினிக்குகளை வாங்கி சேர்த்துட்டு இருக்கு. அச்சுறுத்தல்: பெரிய ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் கம்பெனிங்க அப்பாயின்ட்மென்ட் மாட்யூலை இலவசமா சேர்த்து கொடுக்க ஆரம்பிச்சிருக்கு.

பலம், வாய்ப்பு ரெண்டையும் சேருங்க: குழுமம் ஒரு கிளினிக்கை வாங்கினதும் அதோட பழைய டேட்டாவை சீக்கிரம் தன் சிஸ்டத்துக்கு மாத்தணும்னு தவிக்கும், நமக்கு அது கை வந்த வேலை. பலவீனம், வாய்ப்பு: சான்றிதழ் வாங்க பல மாசம் ஆகும், இப்பவே ஆரம்பிக்கணும், இல்ல ஏற்கனவே வச்சிருக்கற ஒரு பார்ட்னரோட சேர்ந்து போகணும். பலம், அச்சுறுத்தல்: இலவச மாட்யூல் பெரிய சிஸ்டத்தோட சேர்ந்துதான் வரும், தனியா இருக்கற சின்ன கிளினிக்குக்கு அது பாரம், அந்த இடத்தை விட்டுக்கொடுக்க வேணாம். பலவீனம், அச்சுறுத்தல்: சான்றிதழும் இல்லாம இலவசத்தோட மோதினா பெரிய ஆஸ்பத்திரி டெண்டர்ல முதல் ரவுண்டுலயே வெளிய, அதனால இந்த 12 மாசத்துக்கு நேரடி டெண்டர் கிடையாது.

பாருங்க, கேள்வி "பெரிய ஆஸ்பத்திரியா, சின்ன கிளினிக்கா"ன்னு இருந்துச்சு. வந்த பதில் ரெண்டும் இல்ல: குழுமங்களுக்கு விக்கலாம், ஆனா அவங்க வாங்கற கிளினிக்கை மாத்திக் கொடுக்கற வேலையை விக்கலாம். நாலு கட்டத்தை தனித்தனியா எவ்ளோ நேரம் முறைச்சுப் பார்த்தாலும் இது தெரிஞ்சிருக்காது. எல்லா ஜோடியிலயும் இப்படி ஏதாவது விழும்னு சொல்ல முடியாது, நாலுக்கு நாலு போட்டா ஒவ்வொரு சேர்க்கைக்கும் பதினாறு ஜோடி வரும், முக்காவாசி சப்புன்னு இருக்கும். அதை விட்டுட்டு போயிடுங்க.

ஜோடியே சேரலன்னா, உள்பக்க வரிங்க இன்னும் "தரமான சேவை" ரகத்துலதான் இருக்குன்னு அர்த்தம், மேல முதல் அறிகுறிக்கு (போட்டிக்காரன் லோகோ) திரும்பிப் போங்க.

அறிகுறி: போன வருஷ ஸ்வாட்டை காப்பி எடுத்து தேதியை மட்டும் மாத்தியிருக்கு

பலம் பலவீனம் மெதுவா மாறும், வெளிப்பக்கம் சட்டுனு மாறும், அதனால ரெண்டுக்கும் ஒரே காலெண்டர் வேணாம். வெளிப்பக்க வரி ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு சிக்னல் எழுதிடுங்க, எதை பார்த்தா இந்த வரி மாறிடுச்சுன்னு தெரியும்னு. இலவச மாட்யூல் வரிக்கு: "நம்ம வாடிக்கையாளர்ல மூணு பேர் ஒரே காலாண்டுல இலவசத்தை காரணம் காட்டி விலகினா". யாரு கவனிக்கணும்னு ஒரு பேர், டீம் பேர் இல்ல, ஆள் பேர். அந்த சிக்னல் அடிச்சா அந்த வாரமே அந்த ஒரு வரியையும் அதோட ஜோடிகளையும் மட்டும் எடுத்து பாருங்க, மொத்தத்தையும் திரும்ப போட வேண்டியதில்ல.

அறிகுறி: எல்லாம் சரியா பண்ணியும் உபயோகம் இல்ல

கேள்வியே ஸ்வாட்டுக்கு ஏத்தது இல்லாம இருக்கலாம். விலையை எவ்ளோ ஏத்தலாம்னா அதுக்கு விலை சோதனை வேணும். அடுத்த மாச சம்பளத்துக்கு கையில காசு இல்லன்னா கேஷ் ஃப்ளோ ஷீட்டை திறங்க, ஸ்வாட்டை மூடுங்க. இந்த துறையில யாருக்குமே லாபம் நிக்க மாட்டேங்குது ஏன்னு கேட்டா போர்ட்டர் 1979-ல எழுதின ஐந்து விசைகள் பக்கம் போங்க, அது துறையை பார்க்கற கருவி, ஸ்வாட் ஒரு கம்பெனியை பார்க்கறது. முடிவை ஏற்கனவே மேல எடுத்துட்டாங்க, ஒப்புக்கு ஒரு ஸ்வாட் கேக்கறாங்கன்னா முக்கா மணி நேரத்துல முடிச்சு கொடுத்துடுங்க, அதுக்கு ப்ரீமார்ட்டம் எல்லாம் வேஸ்ட் பண்ணாதீங்க.